அத்தா ஓட்டாத வண்டி

சாயங்கால அசர் தொழுகை முடிந்து ஆட்கள் தெருவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த நேரத்தில்தான் வண்டி வந்து நின்றது. வெள்ளை நிறம். தஞ்சாவூரிலிருந்து வந்த புழுதி சக்கரங்களுக்கு மேலே ஒரு பட்டையாகப் படிந்திருந்தது. சீட்டுகளில் இன்னும் பாலிதீன் உறை. கதவைத் திறந்ததும் புது ரப்பரும் பசையும் கலந்த வாசனை வாசல்படி வரைக்கும் வந்தது.

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கார். நான் பட்டுக்கோட்டையில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்டாக இருந்துகொண்டு கடன் போட்டு வாங்கியது. ஆனால் யாரும் அதை என் கார் என்று சொல்லவில்லை. 'கரீம் பாய் கார்' என்றுதான் சொன்னார்கள். கரீம் பாய் என் அத்தா, என் அப்பா. சவுதியில் இருபது வருஷத்துக்கு மேல் டிரைவராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எங்கள் சின்ன ஊரில் அது எல்லோருக்கும் தெரியும்.

பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து துஆ ஓதினார். அம்மா தட்டில் பேரீச்சம்பழம் வைத்து எல்லோருக்கும் நீட்டினாள். ஷோரூம்காரர் இஞ்சினை ஓடவிட்டு இறங்கி, "பாய், வீட்டு ஆளுங்களை வச்சு ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க," என்றார்.

அத்தா போய் இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். ஸ்டீயரிங் வலது பக்கம் இருந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். "சவுதிப் பழக்கம் இன்னும் போகல பாருங்க," என்றார் எதிர்வீட்டு மாமி. அங்கே ஸ்டீயரிங் இடது பக்கம் என்பது எங்கள் தெருவில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அத்தாவும் சிரித்துக்கொண்டே இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து வலது பக்கம் உட்கார்ந்தார். நான் அவர் பக்கத்தில். அம்மா துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு பின்சீட்டில்.

அத்தா கண்ணாடியைச் சரிசெய்தார். கைகளை ஸ்டீயரிங் மேல் வைத்தார். அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை.

குனிந்து தன் கால்களைப் பார்த்தார். பிறகு, உதடு அசையாமல், எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

"ரஹீமா, இதுல எது பிரேக்கு?"

விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரிக்கத் தொடங்கினேன். அப்போதுதான் அவர் காதைப் பார்த்தேன். ஏசி முகத்தில் சில்லென்று அடித்துக்கொண்டிருக்க, காதுமடலுக்குப் பின்னாலிருந்து வியர்வை கழுத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோல அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தார்.

பின்னால் அம்மாவின் வளையல் சத்தம் நின்றது. அவளுக்கும் கேட்டுவிட்டது.

அடுத்த நொடி அம்மா ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். "தம்பி, நீங்களே ஒரு சுத்து கூட்டிட்டுப் போங்க. இவங்களுக்கு சுகர் இறங்கிடுச்சு. காலையிலேர்ந்து ஒண்ணுமே சாப்பிடல."

குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. மத்தியானம் அவர் சாப்பிட்ட பிரியாணியைப் பரிமாறியதே அவள்தான்.

ஷோரூம்காரர் எங்களை ரயில்வே கேட் வரைக்கும் ஓட்டிப் போய்த் திரும்பினார். மைலேஜ் பற்றியும் முதல் சர்வீஸ் பற்றியும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

போட்டோவில் இருந்த பிக்கப்

எங்கள் ஹாலில் ஒரு போட்டோ உண்டு. கூலிங் கிளாஸ் போட்ட அத்தா, ஒரு ஜப்பான் பிக்கப் வண்டியின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். நான் எழுத்துக் கூட்டி வாசித்த முதல் இங்கிலீஷ் வார்த்தை அந்த வண்டியின் பெயர்தான். அதை இங்கே எழுதவில்லை. வண்டிகள் பற்றித் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். மற்றவர்களுக்கு ஜப்பான் வண்டி என்பது போதும்.

லீவில் வரும்போதெல்லாம் அத்தா அந்த பிக்கப்பின் கதைகளைச் சொல்வார். மணலில் சக்கரம் புதைந்தால் டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு ஓட்ட வேண்டும். இஞ்சின் சூடேறினால், அந்த வெயிலிலும் ஹீட்டரைத் திறந்துவிட வேண்டும், சூடு அது வழியாக வெளியே போகும். ஒரு முறை புழுதிக் காற்றில் ரோடே தெரியாமல், விளக்குக் கம்பங்களைப் பார்த்துப் பார்த்து ஓட்டியது. கிலோமீட்டர் காட்டும் எண்கள் எல்லாம் ஓடித் தீர்ந்து மறுபடி பூஜ்யத்துக்கு வந்தது. எல்லாக் கதையும் 'நான் ஓட்டிக்கிட்டு போறேன், அப்ப பாத்தீங்கன்னா' என்றுதான் ஆரம்பிக்கும். தெருப் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்போம்.

அம்மாவுக்கு அந்தக் கதைகளில் அவ்வளவு ஈடுபாடு கிடையாது. "அவங்களுக்கென்ன, ஏசியில உக்காந்து ஓட்டுறாங்க," என்பாள். மழையில் ஓடு ஒழுகியபோதும், எனக்கு டைபாய்டு வந்து திருத்துறைப்பூண்டி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தபோதும், போனில் அத்தாவிடம் அதையே சொல்லிக் காட்டுவாள். "நெழல்ல உக்காந்திருக்கிறவங்களுக்கு இங்க அடிக்கிற வெயில் எப்படித் தெரியும்?" அந்தப் பக்கத்திலிருந்து அத்தா, "சரி, சரி," என்பது எனக்கும் கேட்கும்.

ஊரோடு வந்து செட்டில் ஆன பிறகு அவர் எந்த வண்டியையும் ஓட்டியதில்லை. சிலர் வாடகைக் கார் ஓட்டக் கூப்பிட்டார்கள். "லெஃப்ட்டு ரைட்டு மாறிப் போச்சுங்க. இந்த ரோட்டுக்கு நமக்குச் சரிப்படாது," என்பார். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பேன்ஸி கடை போட்டு உட்கார்ந்துவிட்டார். யாருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை.

நின்றுபோய் மறுபடி வந்த பெயர்

அந்தப் பெயருக்கு என்று ஒரு சரித்திரம் உண்டு. ஜப்பானில் இரண்டாம் உலகப்போருக்கு முன்னாலேயே சின்னச் சின்ன கார்களில் ஒட்டியிருந்த பெயர். பிறகு பிக்கப்புகளாகக் கடல் தாண்டி, பாலைவனத்துக்கும் காட்டுக்கும் போயிற்று. உலகமே அந்தப் பெயரைச் சொல்லிப் பழகிய சமயத்தில் முதலாளிக் கம்பெனி ஒரு முடிவெடுத்தது. இனி எல்லா வண்டியிலும் கம்பெனியின் பெயரே இருக்கட்டும், இந்தப் பெயர் வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள்.

அந்த மாற்றத்தின் கடைசிப் பகுதியை அத்தா சவுதியில் பார்த்திருக்கிறார். "புது வண்டி வந்து நிக்கிது. அதே ஜாடை. பின்னாடி பேரு மட்டும் வேற," என்று சொல்வார். யாரோ உறவுக்காரர் செய்தியைச் சொல்வது மாதிரி இருக்கும்.

பல வருஷங்கள் கழித்து அதே கம்பெனி, நம்மைப் போன்ற நாடுகளில் விலை குறைந்த கார் விற்க அந்தப் பழைய பெயரைத் தூசி தட்டி எடுத்தது. சலூனில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அத்தா, விளம்பரம் வந்த பக்கத்தைக் கேட்டு வாங்கி மடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "ரஹீமா, என் கம்பெனி வந்திருச்சும்மா."

கார் வாங்கும் யோசனை எனக்கு முன்னாலேயே இருந்தது. அம்மாவுக்கு முட்டிவலி. பட்டுக்கோட்டை டாக்டரிடம் பஸ்ஸில் கூட்டிப்போவது கஷ்டமாக இருந்தது. தெரிந்தவர்கள் எல்லோரும் வேறொரு கம்பெனியைச் சொன்னார்கள். தெருவுக்குத் தெரு மெக்கானிக் இருக்கிறான், எந்த நேரமும் ஸ்பேர் கிடைக்கும் என்றார்கள். அத்தா அசையவில்லை. ஷோரூமில் இஞ்சினைப் பற்றி அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பின்னால் போய் அந்தப் பெயர்மேல் விரலை வைத்துத் தடவிக்கொண்டு நின்றார். அனுபவசாலி, கேட்க வேண்டியது ஒன்றும் இல்லை என்று நினைத்தேன்.

கேனோடு

வண்டி வந்த அன்று, கூட்டம் கலைந்த பிறகு, வாசல் கதவைச் சாத்தினோம். அத்தா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். அம்மா நின்றுகொண்டே கேட்டாள்.

"வண்டி ஓட்டத் தெரியாதா உங்களுக்கு?"

"தெரியாது."

"மறந்து போச்சா, தெரியவே தெரியாதா?"

அவர் தரையைப் பார்த்தபடியே சொன்னார். டிரைவர் விசாவில்தான் போனார். இங்கே ஒரு ஏஜென்ட் மூலம் எடுத்துக்கொடுத்த லைசென்ஸ். ஒழுங்காக ஓட்டிப் பழகியிருக்கவில்லை. அங்கே டெஸ்ட் கடுமை. போன ஒவ்வொரு தடவையும், பதற்றத்தில் எது பிரேக் என்பதே மறந்து, ஃபெயில். முதலாளி திருப்பி அனுப்பாமல், தண்ணீர் கேன் போடும் வேலையில் வைத்துக்கொண்டார். அதற்குள் டிரைவர் வேலை கிடைத்துவிட்டது என்று ஊருக்கு எழுதி, பிக்கப் முன்னால் நின்று எடுத்த போட்டோவையும் அனுப்பியாகிவிட்டது.

"அப்ப அந்த வண்டி?"

"அந்த வண்டியிலதான் வேலை. தண்ணிக் கேனை ஏத்தி எறக்கணும். மாடிக்குத் தூக்கிட்டுப் போவணும்."

"முன் சீட்டுல உக்காந்துதானே போவீங்க?"

"அங்க ஒரு எகிப்துக்காரன் உக்காருவான், மிஸ்ரின்னு சொல்லுவோம். கணக்கு எழுதுற ஆளு. நான் பின்னாடி."

"பின்னாடின்னா?"

"கேனோட."

அம்மாவுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. "வெயில்லயா?" என்றாள்.

"தலையில துண்டைக் கட்டிக்குவேன்."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"ஏசியில உக்காந்திருக்கீங்க, ஏசியில உக்காந்திருக்கீங்கன்னு எத்தனை தடவை சொல்லிக் காட்டியிருப்பேன். ஒரு தடவையாச்சும் இல்லன்னு சொல்லியிருக்கலாம்ல. வெந்துக்கிட்டு இருந்த மனுஷன்கிட்ட நெழல்ல இருக்கீங்கன்னு சொல்லியிருக்கேன். என்னைய எப்படிப்பட்ட பொம்பளையா ஆக்கி வச்சிருக்கீங்க."

அன்றோடு அம்மா அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

எனக்கு என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். கோபம் வரவில்லை. தலை கிறுகிறுத்தது. மாடிப்படியில் இன்னும் ஒரு படி இருக்கிறது என்று காலை வைத்து, அங்கே படி இல்லாமல் போனால் வருமே, அப்படி. 'எங்க அத்தா டிரைவர்' என்று பள்ளிக்கூடத்தில் சொன்ன ஒவ்வொரு தடவையும் ஞாபகத்துக்கு வந்தது. மறுநாள் கடையில் ஒருவருக்கு மாத்திரையை மாற்றி எடுத்துவிட்டு, கவரில் போடும்போது கவனித்து, திரும்ப எடுத்து வைத்தேன்.

எல் போர்டு

வண்டி ஓட்ட ஆளில்லாமல் வாசலில் நின்றது. தார்ப்பாய் போட்டு மூடிவைத்தோம். சுகர் கதையைத் தெரு நம்பியது. ஆனால் எத்தனை நாளைக்கு?

ஒரு வெள்ளிக்கிழமை அம்மா சோறு பரிமாறிக்கொண்டே என்னிடம் சொன்னாள். "நான் கத்துக்கறேன். திருத்துறைப்பூண்டியில ஒரு பொம்பளை கத்துத் தர்றாளாம்."

அம்மா அப்போது ஐம்பதைத் தாண்டியவள். சைக்கிள்கூட ஓட்டியதில்லை. அத்தா தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

கற்றுத் தந்தவர் பெயர் செல்வி. பெற்றோர் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். இவர் சொந்தமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். எதற்கும் குரலை உயர்த்தாதவர். அம்மா கிளட்சை விட்டு வண்டி குதித்து அணைந்தால், "பரவாயில்லம்மா, அதுவும் புதுசுதானே," என்பார். ஸ்கூல் காரில் பாடம் முடிந்ததும், நாங்கள் எங்கள் காரில் எல் போர்டு ஒட்டி, செல்வியைப் பக்கத்தில் உட்காரவைத்து வயல் ரோட்டில் போவோம். நானும் கூடவே கற்றுக்கொண்டேன். அத்தாவும் வருவார். பின்சீட்டில், ஜன்னல் ஓரத்தில், கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு.

தெருவுக்கு இது ஆச்சரியம். "டிரைவரை வீட்டுல வச்சிக்கிட்டு வெளியில ஆளு வச்சுக் கத்துக்கறீங்களே," என்றார் எதிர்வீட்டு மாமி. "வீட்டு ஆளுங்க கத்துக் குடுத்தா சண்டைதான் வரும் மாமி," என்றாள் அம்மா. அவரிடம் பேசாவிட்டாலும் அவரை விட்டுக்கொடுக்கவில்லை.

வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாடெங்கும் அந்தக் கார் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் நானும் சேர்ந்தேன். பெட்ரோல் அதிகம் குடிக்காது, ஏசி நன்றாக இருக்கும் என்பதில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். எடை குறைவு, பக்கத்தில் லாரி போனால் ஆடுகிறது என்பதிலும்தான். எங்களுக்கு இருந்த பெரிய தொல்லை எலி. அறுவடை முடிந்ததும் வயல் எலிகள் வீட்டுப் பக்கம் வந்துவிடும். ஒரு நாள் காலை சாவி போட்டால் வண்டியில் உயிரே இல்லை. பானெட்டைத் திறந்து பார்த்தால், உள்ளே வைக்கோல் போட்டுக் கூடு கட்டி, ஒயரை நறுக்கி வைத்திருந்தது. குழுவில் யாரோ புகையிலைக் கட்டை உள்ளே தொங்கவிடச் சொன்னார்கள். அதிலிருந்து வண்டி ஓடினால் உள்ளே வெற்றிலைப் பெட்டி வாசனை வரும்.

அம்மா முதல் டெஸ்ட்டிலேயே பாஸ் ஆனாள். அத்தா அன்று கடையைச் சாத்திவிட்டுத் தனியாக எங்கோ போய்விட்டுப் பொழுது சாய்ந்துதான் வந்தார். கையில் அம்மாவுக்குப் பிடித்த ரவை இனிப்பு, தம்ரூட், இருந்தது. அம்மா வாங்கி எங்கள் இருவருக்கும் வைத்துவிட்டு, தானும் ஒரு துண்டு தின்றாள். பேசவில்லை.

அம்மா கேட்ட இரண்டு கேள்விகள்

அந்தச் செய்தியை நான்தான் குழுவில் முதலில் பார்த்தேன். கம்பெனி அந்தப் பெயரை மறுபடி நிறுத்துகிறது. இனி இந்தியாவில் அந்தப் பெயரில் கார் வராது. யாரோ வதந்தி என்றார்கள். மறுநாள் பேப்பரில் வந்துவிட்டது.

அத்தாவிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கிச் சொன்னேன். அவர் முகம் வெளுத்ததைப் பார்த்து நான் பயந்துபோய் நாடியைப் பிடித்துப் பார்த்தேன்.

"மறுபடியுமா?" என்றார். "இன்னொரு தடவையும் நிறுத்திட்டாங்களா?"

அடுப்படியிலிருந்து அம்மா ஈரக்கையோடு வந்தாள். நேராக அவர் முன்னால் நின்றாள்.

"அப்ப ஸ்பேர் கெடைக்குமா?"

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அத்தா திகைத்து என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்து, "கெடைக்கும். கம்பெனி இருக்குல்ல. பேருதான் இல்ல," என்றார்.

அது சரியாகத்தான் இருந்தது. அதே முதலாளிக் கம்பெனியின் சொந்தப் பெயர் போட்ட ஒர்க்‌ஷாப் தஞ்சாவூரில் எங்கள் வண்டியைச் சர்வீஸுக்கு எடுத்துக்கொண்டது. சைடு கண்ணாடி ஒன்றுக்கு மட்டும் ரொம்ப நாள் காத்திருந்தோம். அதை மாட்டிக்கொண்டு திரும்பி வந்த மத்தியானம்தான் அம்மா இரண்டாவது கேள்வியைக் கேட்டாள்.

மன்னார்குடிக்கு முன்னால் ஒரு வாய்க்கால் பாலம். வாத்துக்காரர்கள் ஒரு பெரிய கூட்டத்தை அறுத்த வயலிலிருந்து எதிர் வயலுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ரோடு முழுக்க வாத்து. அம்மா இஞ்சினை அணைத்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். அத்தா பின்னால்.

"ஏங்க," என்றாள் அம்மா, கண்ணாடியில் அவரைப் பார்த்து. "நீங்க ஓட்டல. சரி. அப்ப யாரு ஓட்டுனது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை மாதமாக அத்தா ஓட்டவில்லை என்பதிலேயே நாங்கள் முட்டிக்கொண்டு நின்றோம். வண்டி தானாகவா ஓடியது? மணலில் காற்றை இறக்கி ஓட்டிய, புழுதிக் காற்றில் கம்பத்தைப் பார்த்து ஓட்டிய அந்த ஆள் யார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை.

அத்தா வெளியே வாத்துகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கலியபெருமாள்னு ஒருத்தரு. திருப்பனந்தாள் பக்கம்."

"நம்ம திருப்பனந்தாளா?"

"ஆமா. தங்கமான மனுஷன். அந்த வண்டி அவரு கையிலதான் இருந்துச்சு. நான் உங்களுக்குச் சொன்னதெல்லாம் நெசமா நடந்ததுதான். ஓட்டுனது அவரு."

"இப்ப எங்க இருக்காரு?"

"இல்ல. வண்டி கவுந்து, அங்கேயே இறந்துட்டாரு. நான் பின்னாடி இருந்ததால தூக்கி வீசிடுச்சு. மணல்ல விழுந்தேன்."

நான் எட்டாவது படிக்கும்போது ஒரு தடவை நொண்டிக்கொண்டு லீவில் வந்தாரே, மாடிப்படியில் வழுக்கியது என்று சொல்லி அம்மா மூன்று வேளையும் ஒத்தடம் கொடுத்தாளே, அது அந்த விபத்து. அதைக் கேட்டு அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"அவங்க வீட்டுக்குப் போனீங்களா?"

"போகல."

"ஏன் போகல?"

"போனா அங்க நான் லோடுமேன்தானே. இங்க டிரைவரு. ரெண்டு ஊரும் அவ்வளவு தூரமா என்ன? அங்க போன பேச்சு இங்க வந்துடும்னு பயம். அப்புறம், வருஷம் ஆக ஆக எந்த முகத்தோட போறது?"

வாத்துகள் கடந்துவிட்டன. பின்னால் ஒரு டெம்போ ஹாரன் அடித்தது. அம்மா சாவியைத் திருப்பினாள்.

"ஞாயித்துக்கிழமை போறோம்," என்றாள்.

திருப்பனந்தாளைத் தாண்டி

கும்பகோணத்தில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது ஆற்றில் தண்ணீர் ஒரு ஓரமாக மட்டும் போய்க்கொண்டிருந்தது. அத்தா அன்று அம்மாவின் பக்கத்தில் முன்சீட்டில் இருந்தார். அவள் சொல்லித்தான் உட்கார்ந்தார். திருப்பனந்தாளில் டீக்கடையில் கேட்டு, உள்ளே போகும் ரோட்டில் விசாரித்து விசாரித்துப் போனோம். ஒரு இடத்தில், "தூங்கி வண்டிய கவுத்தாரே, அந்தக் கலியபெருமாளா?" என்று ஒருவர் கேட்டார். அத்தா சட்டென்று அவரைப் பார்த்தார். அதற்குள் அவர் கையை நீட்டி வீட்டைக் காட்டிவிட்டார்.

தளம் போட்ட சின்ன தார்சு வீடு. வாசலில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு அம்மா காலால் நெல்லைத் துழாவிவிட்டுக்கொண்டிருந்தார். என் அம்மா வயது இருக்கும். டிரைவர் சீட்டிலிருந்து துப்பட்டி போட்ட ஒரு பெண் இறங்குவதைப் பார்த்து அப்படியே நின்றார்.

அத்தா வேலிக்கு வெளியிலேயே நின்று சொன்னார். "நான் கலியபெருமாளோட சவுதியில ஒண்ணா இருந்தவங்க. கரீம்னு பேரு."

அவர் அத்தாவை உற்றுப் பார்த்தார்.

"பின்னாடி உக்காந்து வர்ற பாயா?"

எங்கள் வீட்டில் கலியபெருமாள் என்ற பெயரை ஒருவரும் கேட்டதில்லை. இந்த வீட்டில் என் அத்தா யார், எங்கே உட்காருவார் என்பது இத்தனை வருஷமாகத் தெரிந்திருக்கிறது.

"வாங்க, உள்ள வாங்க," என்றார். அவர் பெயர் அஞ்சலை. கலியபெருமாளின் மனைவி. நாற்காலி போட்டார். மோர் கொடுத்தார். கணவர் சம்பாத்தியத்தில் வாங்கிய இரண்டு மா நிலத்தை அவரே பயிர் வைக்கிறார். ஒரே மகன் சென்னையில் வேலையில் இருக்கிறான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, தரையில் உட்கார்ந்து, அத்தாவைப் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னார்:

"ஒங்களைத் திட்டாத நாளு இல்ல பாய்."

அத்தா டம்ளரைக் கீழே வைத்தார்.

"லீவுல வந்தா உங்க பேச்சுதான். நான் பயப்படுவேன், அவ்வளவு தூரம் வண்டி ஓட்டுறீங்களே, அசந்துட்டா என்ன பண்றதுன்னு. 'பின்னாடி பாய் இருக்காரு, கண்ணு சொருகுனா கண்ணாடியத் தட்டிடுவாரு'ம்பாரு. அப்புறம் பாடி வந்துச்சு. கூட வந்த ஆளு, தூங்கிட்டாரு, அதான் கவுந்துடுச்சுன்னுட்டான். அந்த பாய் என்ன பண்ணிக்கிட்டு இருந்தாரு, ஏன் தட்டலன்னு அன்னிலேர்ந்து கேட்டுக்கிட்டே இருக்கேன். எங்க மாமனாரு சாகுற வரைக்கும், தூங்கி செத்தவன்னுதான் மவனைச் சொன்னாரு. எம்மவன் இதுவரைக்கும் ஒரு வண்டியத் தொட்டதில்ல. எனக்கும் அதே தூக்கம்தானே வரும்ங்கிறான்."

அத்தாவுக்கு இன்றுவரை இது தெரியாது என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்து, கண் விழித்தபோது கலியபெருமாளை ஊருக்கு அனுப்பி ரொம்ப நாள் ஆகியிருந்தது. அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அந்த வண்டியில் என்ன நடந்தது என்று தெரிந்த ஒரே ஆள், இந்த வாசலிலிருந்து மூன்று மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊரில், பேன்ஸி கடையில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

அம்மா அத்தாவின் தோளைத் தொட்டாள். "சொல்லுங்க," என்றாள்.

"தூங்கலம்மா," என்றார் அத்தா. "அவரு தூங்கல. பட்டப் பகலு. நல்ல வெயிலு. மிஸ்ரி வழியில எறங்கிட்டான். நாங்க ரெண்டு பேருதான். கேன் உருளாம நான் பின்னாடி புடிச்சிக்கிட்டு வர்றேன். அவரு அந்தப் பக்கத்துலேர்ந்து கண்ணாடியத் தட்டுனாரு. பாய், தண்ணி குடுங்கன்னாரு. டம்ளர்ல புடிச்சுக் குடுத்தேன். ஜன்னல் வழியா கைய நீட்டி வாங்குனாரு. டம்ளரத் திருப்பிக் குடுத்தாரு. அதுக்கப்புறம்தான் முன் டயரு வெடிச்சுது. லோடு அதிகம். ரோடு கொதிக்குது. அவரு ஸ்டீயரிங்க விடல. கடைசி வரைக்கும் புடிச்சு ஒடிச்சாரு. நான் பாத்தேன்."

வாசலில் ஒரு காகம் நெல்லில் இறங்கியது. அதை விரட்டக்கூட அஞ்சலையின் கை எழவில்லை.

"தண்ணிய குடிச்சாரா?" என்றார்.

"குடிச்சாரும்மா. முழுசாக் குடிச்சாரு. போதும் பாய்னாரு."

"குடிச்சாரா," என்று இன்னொரு முறை தனக்குள் சொல்லிக்கொண்டார். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு எழுந்து, அலமாரி மேலிருந்த போனை எடுத்து நம்பரை அழுத்தினார். காதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார்.

"டேய், நான்தான். ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன். டேய், அப்பா தூங்கலையாம்டா. டயரு வெடிச்சுடுச்சாம். தண்ணி குடிச்சிட்டுத்தான் போயிருக்காரு. கூட இருந்தவரு வந்திருக்காருடா. பாய். நீயே கேளு."

போனை அத்தாவிடம் நீட்டினார். அத்தா எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினார். அம்மா பக்கத்தில் வந்து அவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள்.

"தம்பி," என்றார் அத்தா. "நான் அந்த வண்டியில பின்னாடி உக்காந்திருந்தேன்."